அரையாண்டு லீவுக்குக் கோயமுத்தூர்: ஸ்வெட்டரா, குடையா?

டிசம்பர் 2, காலை 10.15 (கேள்வி)

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 24ஆம் தேதியிலிருந்து ஜனவரி 1 வரை பிள்ளைகளுக்கு அரையாண்டு லீவு. கோவையில் நாத்தனார் வீட்டில் தங்கி, ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் வால்பாறை என்று திட்டம். அந்த வாரம் கோவையில் குளிர் எப்படி இருக்கும்? ஸ்வெட்டர் வேண்டுமா? மழை வருமா? ஊட்டியில் பனி கொட்டுமா? ஏழு வயதுப் பையன் பனிப் பொம்மை செய்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

டிசம்பர் 2, இரவு 9.40 (பதில், கோவையிலிருந்து)

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கொட்டாது. ஊட்டியில் பார்ப்பது உறைபனி. விடியற்காலையில் புல்வெளி மேல் உப்புத் தூவிய மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் பட்டால் அரை மணி நேரத்தில் வெறும் ஈரம். வழித்து எடுத்தால் உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் தேறும். பொம்மைக்கு மூக்குகூட வராது.

கோவைக்கு வந்தால், டிசம்பர் கடைசிதான் உச்சக் குளிர். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் எடுத்து வாருங்கள். மழை அதற்குள் முடிந்துவிடும். குடை வேண்டாம்.

டிசம்பர் 3, காலை 6.20

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. தூக்கக் கலக்கத்தில் ஊர்ப்பெருமை பேசிவிட்டேன்.

உச்சக் குளிர் டிசம்பரில் இல்லை, ஜனவரியில். பெரியவர்கள் சொன்னதும் "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்றுதான். மார்கழியை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நமக்கு மார்கழி என்றதும் குளிர் ஞாபகம் வருவது, அந்த மாதம்தான் கோயில் ஒலிபெருக்கி நம்மை நாலரை மணிக்கு எழுப்பிவிடுகிறது என்பதால். மற்ற மாதங்களில் நாலரைக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் குடை. வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது நாள்காட்டியைப் பார்த்துக் கிளம்புவதில்லை. 2021இல் பொங்கலுக்குக்கூட மழை விடவில்லை. ஜனவரி 19 வரை நின்று, டெல்டாவில் அறுவடைக்குக் காத்திருந்த நெல்லைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. 2023இல் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் நெல்லையும் பட்ட பாடு தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கோவை அந்த மாதிரி வாங்காது, கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனாலும் டிசம்பர் நடுவில் "மழை முடிஞ்சுது" என்று சொல்பவனை நம்பாதீர்கள். நேற்றைய என்னையும் சேர்த்துத்தான்.

டிசம்பர் 5, பிற்பகல் 3.10

சும்மா "குளிரும், குளிராது" என்று எழுதினால் போதாது, எண் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி.

டிசம்பரிலும் ஜனவரியிலும் கோவையின் சராசரி, பகலில் 29, 30 டிகிரி. விடியற்காலையில் 18, 19. அதாவது சென்னையின் டிசம்பர் விடியலைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு "இதுக்கா ஸ்வெட்டர்" என்று நினைப்பீர்கள். ஆனால் சராசரி என்பது ஒரு பொய்யான ஆள். அந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு வேறு டிசம்பர் இருக்கிறது.

ஒன்று, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் டிசம்பர். விடியற்காலை 16, 17க்கு இறங்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் இன்னும் கொஞ்சம் கீழே. பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். இரண்டு மணிக்கு மின்விசிறி போடுவீர்கள். ஆறரைக்கு மறுபடி ஸ்வெட்டர்.

இன்னொன்று, மேகம் மூடிய டிசம்பர். வங்கக்கடலில் எங்கோ ஒரு தாழ்வுப் பகுதி நிற்கும். விடியலில் 21, 22 இருக்கும், ஒன்றும் குளிராது. ஆனால் பகலிலும் 25, 26ஐத் தாண்டாது. நாள் முழுக்கச் சாம்பல் நிறம், பிசுபிசுவென்று தூறல், துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது. வீட்டில் எல்லாரும் "என்னா குளுரு" என்பார்கள். எண்ணைப் பார்த்தால் ராத்திரி குளிரே இல்லை. வெயில் இல்லாததைத்தான் நாம் குளிர் என்கிறோம்.

உங்கள் வாரத்தில் இதில் எது வரும் என்பதை இன்றைக்கே சொல்பவர் ஜோசியர். இருபதாம் தேதிக்குமேல் கேளுங்கள்.

டிசம்பர் 5, பிற்பகல் 3.25

பீளமேட்டுக்காரர் ஒருவர் "எங்கள் பக்கம் 16 எல்லாம் பார்த்ததே இல்லை" என்கிறார். அவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கான்கிரீட்டுக்கு நடுவில் இருக்கிறார். நான் வடவள்ளி தாண்டி, மேற்கே மலையைப் பார்த்தபடி இருக்கிறேன். ஒரே ஊரில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். இருவரும் உண்மையே பேசுகிறோம்.

டிசம்பர் 8, இரவு 11.05

தூக்கம் வரவில்லை. பழைய குளிர் பற்றி எழுதுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் ஸ்பின்னிங் மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்தவன். முப்பத்தொரு வருஷம். மில்லுக்குள் என் வேலை, காற்றில் ஈரத்தைப் பிடித்து வைப்பது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடும் இடத்தில் காற்றின் ஈரப்பதம், ஆர்.எச். என்போம், 55, 60 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும், மெஷின் பார்க்கும் பெண்கள் என்னைத் தேடி வந்து திட்டுவார்கள். மழை நின்ற பிறகு வரும் ஜனவரிதான் எங்களுக்குச் சோதனை. வெளிக்காற்று குளிர்ந்து இருப்பதால் ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே இழுத்து, மெஷின் சூட்டில் அது 32, 33 டிகிரிக்கு ஏறியதும் பார்த்தால் காய்ந்த காற்று. அதனால் வெளிக்காற்று வரும் டேம்பர் கதவைப் பாதிக்குமேல் மூடிவிட்டு, உள்காற்றையே திருப்பித் திருப்பி நனைத்து ஓட்டுவோம்.

முழு நைட் முடிந்து காலையில் கேட்டைத் தாண்டினால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். சைக்கிளில் நொய்யல் பாலம் வரும்போது பல் கிட்டும். பாலத்தின் மேல் நாலடி தூரம் தெரியாது, எதிரே வருகிற பால்காரரின் கேன் சத்தம்தான் அடையாளம். அந்தக் காலத்துக் குளிர் இப்போது இல்லை என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 9, காலை 7.00

ராத்திரி எழுதியதைப் பகலில் படித்தேன். 33 டிகிரியில் எட்டு மணி நேரம் வியர்த்தவன் 18 டிகிரிக்குள் சைக்கிள் மிதித்தால் பல் கிட்டாமல் என்ன செய்யும்? அந்தக் காலத்துக் குளிர் என்று நான் சொன்னதில் பாதி மில்லுக்குள் இருந்த சூடு. மீதிப் பாதி நிஜமாகவே குறைந்திருக்கலாம். அந்த ரோட்டில் அன்றைக்கு இருந்த புளியமரங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை.

டிசம்பர் 13, காலை 6.35

வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, வானம் சுத்தம். பேரன் முந்நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்தான். வீட்டுச் சுவரில் மாட்டி நான்கு நாள் குறித்துவைத்தேன். குறைந்தபட்சம்: 25, 25, 24.5, 25. ஆக இந்த வருஷம் குளிர் இல்லை, தீர்ந்தது. சென்னை அம்மணி, ஸ்வெட்டரை எடுக்காதீர்கள். மூட்டை குறையும்.

டிசம்பர் 14, மாலை 5.50

"மார்கழியில் வாடைக்காற்று வீசுவதால்தான் கோவையில் குளிர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாட்டில் அப்படித்தான் வரும். பழைய தமிழில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். கோவைக்கு டிசம்பரில் வருவது பெரும்பாலும் கொண்டல்தான், கொஞ்சம் வடக்கே சாய்ந்த கொண்டல். வடக்கே நீலகிரி சுவராக நிற்கிறது. தெற்கே ஆனைமலை. நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல், பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் அந்த வாசல் வழியாக மேற்குக் காற்று நம் பக்கம் பாய்கிறது. மார்கழியில் அதே வாசல் வழியாகக் கிழக்குக் காற்று கேரளாவுக்குப் போகிறது. நம் ஊரைத் தாண்டிப் போகும்போது சும்மா நடக்கிற காற்று, வாளையார் தாண்டி வாசலுக்குள் நுழைந்ததும் ஓடுகிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் டிசம்பர் கடைசியில் பைக்கில் கஞ்சிக்கோடு வரைக்கும் போய்வாருங்கள். போகும்போது பெட்ரோலே செலவாகாது. திரும்பும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போகப் பார்க்கும். பாலக்காட்டில் இதற்குத் திருவாதிரைக் காற்று என்று பேரே வைத்திருக்கிறார்கள். அங்கே நம் சம்பந்தி வீட்டில் அந்த நாட்களில் உதடு வெடிக்காத ஆள் கிடையாது. இங்கே பேரூரில் ஆருத்ரா தரிசனம் பார்த்துக் களி சாப்பிடுகிற அதே நாளில் அவர்கள் ஜன்னலைச் சாத்திக் கட்டை கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டிசம்பர் 14, மாலை 6.05

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் குளிர் சீக்கிரம் தொடங்குவதற்குக் காற்றைவிட மலைதான் காரணம். டிசம்பர் கடைசியில் நாள்காட்டிப்படி சூரிய அஸ்தமனம் ஆறு மணியைத் தாண்டி. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வெள்ளியங்கிரி வரிசைக்குப் பின்னால் போய்விடும். கிழக்கே சூலூரில் இன்னும் வெயில் இருக்கும், இங்கே கோழி கூட்டுக்குள் ஏறிவிடும்.

டிசம்பர் 18, காலை 7.15

13ஆம் தேதிக் குறிப்பை யாரும் நம்பவேண்டாம். அவமானமான கதை, இருந்தாலும் சொல்கிறேன்.

நான்கு நாளைக்கு முன் காலையில் வீட்டுக்காரி கொல்லைப்புறத்திலிருந்து தேங்காய் எண்ணெய் டப்பாவோடு வந்தார். தலைக்குத் தேய்க்க வெளியே வைத்திருந்தது. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தார். ஒரு சொட்டு விழவில்லை. வெள்ளையாக, மெழுகு மாதிரி, உள்ளே நடுவில் மட்டும் கொஞ்சம் கண்ணாடி நிறம். "உங்க தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுது?" என்றார். 25 என்றேன். "அப்ப எண்ணெய்க்குப் படிப்பறிவு இல்லை போல" என்றார்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். அதுவும் உடனே உறையாது, அதற்குக் கீழே சில மணி நேரம் கிடந்தால்தான் கட்டியாகும். போய்ப் பார்த்தால் நான் மாட்டியிருந்தது மேற்குச் சுவர். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க மெதுவாகக் கக்கும் சுவர். நான் நான்கு நாளாகக் குறித்துவைத்தது செங்கல்லின் காய்ச்சலை. முப்பத்தொரு வருஷம் ட்ரை பல்ப், வெட் பல்ப் என்று தெர்மாமீட்டரே பார்த்தவன் செய்கிற வேலையா இது.

கழற்றி எடுத்துப்போய்க் கொய்யா மரத்தின் நிழல் கிளையில் தொங்கவிட்டேன். முதல் நாள் 17.8. மறுநாள் 17.5. மூன்றாம் நாள் அணில் கம்பியைக் கடித்துவிட்டது. இப்போது பழைய பாதரச மீட்டர்தான் தொங்குகிறது.

ஆக, ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள்.

டிசம்பர் 18, காலை 7.20

முகவரி கேட்டு எழுதிய இரண்டு பேருக்கு: எண்ணெய் டப்பாவை வாடகைக்கு விடுவதில்லை.

டிசம்பர் 20, பிற்பகல் 2.30

ஊட்டி பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு, அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு டிகிரி குறையவேண்டும். ராத்திரிக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். இங்கே 18 என்றால் அங்கே ஆறு, ஏழு. பகலில் வராது. வெயில் அடித்தால் அங்கே 20 வரை போகும், மேலே பீடபூமித் தரையும் சூடாகிறதே. மதியம் தாவரவியல் பூங்காவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பீர்கள்.

உறைபனிக்கு மூன்று வேண்டும். வானம் சுத்தமாக இருக்கணும், காற்று அசையக்கூடாது, இடம் பள்ளமாக இருக்கணும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். உயரம் ஏற ஏறக் குளிர் என்று நினைத்து விடிகாலையில் தொட்டபெட்டாவுக்குப் போகத் துடிப்பார்கள். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயரம். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் வெள்ளையாவது குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா, பூங்காவின் கீழ்ப் புல்வெளி. சிகரத்தில் நிற்பவருக்குக் காற்று அடிக்கும், பனி இருக்காது.

"ஊட்டியில் பூஜ்யம்" என்று செய்தி வரும்போது எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள். வானிலைக் கூண்டு தரைக்கு மேலே ஓர் ஆள் மார்பு உயரத்தில் இருக்கும். அங்கே 3, 4 டிகிரி இருக்கும்போதே தரையோடு ஒட்டிய புல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். நியூஸ்காரருக்கு எது வசதியோ அது தலைப்பு.

நீலகிரிக்காரர்கள் இதில் ரகம் பிரித்துத்தான் பேசுவார்கள். முதலில் வருவது நீர்ப்பனி, அது சொட்டும். அப்புறம்தான் உறைபனி, அது கருக்கும். நமக்கு அது செல்ஃபி. தேயிலை வைத்திருப்பவருக்கு ஒரே ராத்திரியில் கொழுந்து செம்பட்டையாகி நெருப்புப் பட்ட மாதிரி நிற்கும். சிறு விவசாயிகள் சாயங்காலமே தாகைச் செடியை வெட்டி வந்து தேயிலை மேல் பரப்பி மூடுவார்கள். கேரட், உருளைக்கிழங்கு போட்டவர்கள் சூரியன் வருவதற்குமுன் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட்டுப் பனியைக் கழுவுவார்கள். தாகை போர்த்துவது என்ன என்று யோசித்தால், செடிக்குத் தலைக்குமேல் சின்னதாக ஒரு மேகம் கட்டுகிற வேலைதான். மேகம் இருந்தால் தரைச்சூடு மேலே ஓடாது. நான் 5ஆம் தேதி எழுதிய இரண்டு டிசம்பர் கதையும் அதுதான்.

டிசம்பர் 20, பிற்பகல் 2.50

விட்டுப்போனவை. இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். வெள்ளியங்கிரி ஏற முடியாது, அது கோடைக்குத்தான். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்கிற பிள்ளை யாரோ அவரை முன் சீட்டில் வையுங்கள்.

டிசம்பர் 22, காலை 8.10

வங்கக்கடலில் ஏதோ உருவாகிறது. இன்று காலை கிழக்கே மேகம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கிறது. 21.4. ராத்திரி போர்வை தேவைப்படவில்லை.

சென்னை அம்மணிக்கு: குடையும் எடுங்கள். 2ஆம் தேதி வேண்டாம் என்றேன், 3ஆம் தேதி வேண்டும் என்றேன், இப்போதும் வேண்டும். ஸ்வெட்டர் விஷயத்தில் எத்தனை தடவை மாற்றினேன் என்று எண்ணவேண்டாம்.

ஊட்டிக்கு மலை ரயிலில் போவதாகச் சொன்னீர்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று ஞாபகம் வையுங்கள். கிழக்குக் காற்று மழை மேகத்தோடு வந்தால் முதலில் முட்டுவது குன்னூர், கோத்தகிரிச் சரிவில். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் இருக்கிறது என்ற தைரியத்தில் போகாமல் முதல் நாள் ராத்திரி விசாரித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் இதற்கு நேர்மாறு. அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் கொட்டும், குன்னூர் சும்மா மேகம் பார்த்துக்கொண்டிருக்கும். கோவையும் அப்படித்தான், மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் தென்மேற்கு மழையில் நமக்குக் கிடைப்பது சாரலும் காற்றும். ஊருக்கு மழை என்று பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

டிசம்பர் 27, மாலை 4.40

நான்கு நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. மருதமலை இருக்கிறதா என்றே சந்தேகம். விடியற்காலை 21, மத்தியானம் 24.5. மூன்றரை டிகிரிக்குள் ஒரு நாளே முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் வைத்த தேங்காய் எண்ணெய் தண்ணீராக ஓடுகிறது, ஆனால் தெருவில் ஒருத்தர் விடாமல் குல்லா. சுக்குக் காபிக் கடையில் நிற்க இடம் இல்லை. வீட்டில் கொள்ளு ரசம், மூன்றாவது நாள்.

டிசம்பர் 27, மாலை 4.55

கோலத்துக்கு நடுவில் சாணத்தில் குத்தி வைத்த பூசணிப்பூ காலை பத்து மணிக்கெல்லாம் வாடிவிடும். இன்றைக்குச் சாயங்காலம் வரை விரிந்தபடியே இருக்கிறது. கோலம்தான் தூறலில் கரைந்துவிட்டது. பூ மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி 2, காலை 9.30

சென்னைக்குத் திரும்பிய அம்மணி எழுதியிருக்கிறார். சுருக்கமாக: மலை ரயில் ரத்து. காரில் போனார்கள். பர்லியாரில் தொடங்கிய மூடுபனி ஊட்டி வரை விடவில்லை. ஏரியில் படகு இருந்தது, ஏரியைக் காணோம். உறைபனி பார்க்க விடியற்காலை ஐந்தரைக்குப் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போய்ப் பந்தய மைதானத்து ஓரத்தில் நின்றார்களாம். பச்சைப் புல், சொட்டச் சொட்ட ஈரம். பையன் "இது நம்ம ஊர் புல் மாதிரியே இருக்கு" என்றானாம். திபெத்தியன் மார்க்கெட்டில் இன்னும் இரண்டு ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறார்கள். வால்பாறைக்குப் போகவே இல்லை.

என்மேல் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறார். அப்படி எழுதினால் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஜனவரி 4, காலை 6.50

சொன்னால் வயிறு எரியும். நேற்று மத்தியானம் மேகம் கலைந்தது. இன்று காலை கொய்யா மரத்தில் 16.2. மருதமலைப் படிக்கட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. ஊட்டியிலிருந்து மச்சான் படம் அனுப்பியிருக்கிறார். தலைகுந்தா முழுக்க வெள்ளை, நிறுத்திவைத்த பைக் சீட்டின் மேல் விரலால் யாரோ பேர் எழுதியிருக்கிறார்கள். மழை ஈரத்தோடு தரை இருந்து, வானமும் திறந்துவிட்டால் இப்படித்தான்.

படத்தை இங்கே போடலாமா என்று யோசித்தேன். ஏழு வயதுப் பையனும் இதைப் படிக்கிறான் என்று கேள்வி. போடவில்லை.

ஜனவரி 5, இரவு 8.20

"அப்படியானால் லீவைத் தள்ளிவைத்துப் பொங்கலுக்கு வரலாமா" என்று வேறொருவர் கேட்கிறார். குளிருக்கு என்றால் அது நல்ல யோசனை. பொங்கல் வாரத்தில் வானம் திறந்திருக்கிற வாய்ப்பு கூடுதல். எங்கள் பக்கம் போகியன்று காப்புக் கட்டுவார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வாசல் நிலையில், தொழுவத்தில், வயலில் செருகுவோம். அதைப் பறிக்க விடிகாலையில் காட்டோரம் போனால் பூளைப்பூ முழுக்கப் பனி கோத்திருக்கும். கை விறைத்துப்போகும். மொச்சையும் அவரையும் பனிக்குத்தான் காய்க்கும், அதனால் சாப்பாட்டுக்கும் அதுதான் நேரம்.

ஆனால் 2021ஐயும் நான்தான் மேலே எழுதியிருக்கிறேன். ஞாபகம் இருக்கட்டும்.

ஜனவரி 23, காலை 6.40

இன்னும் விடியவில்லை. "டிசம்பர் 21தான் மிகக் குறுகிய பகல், அதற்கப்புறம் சீக்கிரம் விடியுமே, ஏன் இன்னும் இருட்டு" என்று வாக்கிங் கூட்டாளி ஒருவர் தினமும் கேட்கிறார். பகல் நீள்கிறது, ஆனால் சாயங்காலப் பக்கம் நீள்கிறது. நம் அட்சரேகையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசி வாரத்தில்தான், ஆறே முக்கால் வாக்கில். சீக்கிரம் மறைவது நவம்பரில். மிகக் குறுகிய பகல் என்றாலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். நமக்கு அது காலை, மாலை என்று இரண்டு பக்கமும் சமமாகக் கடிப்பதில்லை. தைப்பனி தரையைத் துளைப்பதற்கு இந்த இருட்டும் ஒரு காரணம் என்று எழுத வந்தேன். எழுதியபின் பார்த்தால், பத்து நிமிஷ இருட்டு தரையை எங்கே துளைக்கப்போகிறது. வானம் திறந்திருப்பதுதான் காரணம். முதல் பாதியை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் பாதியை அடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 17, காலை 7.05

மாசி பிறந்து நாலைந்து நாள். விடியலில் 18.5, மத்தியானம் 33. பதினான்கரை டிகிரி ஏற்ற இறக்கம். வீட்டில் இருமல் இல்லாத ஆள் தெர்மாமீட்டர் ஒன்றுதான். மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி என்று பெரியவர்கள் பிரித்ததற்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது. முன்பனிக் காலத்தில் சாயங்காலமே தலையைப் போர்த்தச் சொல்கிறோம். இப்போது பத்து மணிக்குக்கூட மொட்டை மாடியில் சட்டை இல்லாமல் உட்காரலாம். மூன்று மணிக்குமேல்தான் போர்வையைத் தேடுகிறது கை.

பிப்ரவரி 19, இரவு 9.15

சென்னை அம்மணியிடமிருந்து கடிதம். பையன் இந்த இழையை முழுக்கப் படித்திருக்கிறான், எண்ணெய் உறையும் இடம் மட்டும் இரண்டு தடவை. நேற்று அம்மா ஆபீஸ் போன சமயம் பார்த்துத் தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, கட்டியானதும் தட்டில் கவிழ்த்து, இரண்டு உருண்டை, ஒன்றின் மேல் ஒன்று. கண்ணுக்கு மிளகு. மூக்குக்குக் கேரட் துண்டு. கழுத்தில் பொம்மையின் மஃப்ளர். அவர் போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மூக்கு வழுக்கிக் கீழே வந்துவிட்டதாம், மிளகு இரண்டும் தட்டில் மிதந்ததாம்.

எவ்வளவு எண்ணெய் என்று கேட்டேன். அரை லிட்டராம்.